ஈரம் காய்வதற்குள் வந்த மாப்பிள்ளை

லேப்டாப்பில் தண்ணீரைக் கொட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் பல வருஷம், எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும் அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டாள் என்பார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை நான் சொல்கிறேன்.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா, அப்பாவுக்கு மாப்பிள்ளை. கடலூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் பில் அடிக்கிற வேலை. பில் அடிக்கிற வேலை என்று நான் சொல்கிறேன். அவர் 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்பார். கழுத்தில் நாடா போட்டு ஒரு பென் டிரைவ் தொங்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவர் இருக்கும். இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பென் டிரைவ் ரசத்தில் விழுந்துவிடாமல் இடது கையால் பிடித்துக்கொள்வார். அந்தப் பென் டிரைவில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை, அவ்வப்போது அழித்துச் சுத்தமாக வைத்துக்கொள்வார் என்றாள்.

அணைந்து கிடக்கிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. அதுதான் அவர். மிக்ஸியோ ரேடியோவோ கடிகாரமோ, கையில் கிடைத்தால் முதலில் சுவிட்சைத் தட்டுவார். ஏன் நின்றது, எப்போது நின்றது, என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "போட்டுப் பாத்துடலாம்" என்பார். போட்டுப் பார்த்தபின் புகை வந்தால், "பேசிக்கா பாத்தீங்கன்னா, இது கம்பெனி ஃபால்ட்டு" என்பார். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லலாம்.

2004இல் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. மறுவீட்டுக்கு வந்த அன்று, பாயசம் குடித்த கை காயவில்லை, எங்கள் வீட்டு டி.வி.யைப் பார்த்துக் கலர் கம்மியாக இருக்கிறது என்றார். எங்களுக்கு அந்தக் கலர் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் அப்பா எழுந்து நிற்பார். அது தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்த பழக்கம். மாமா டி.வி.யின் முதுகைக் கழற்றி உள்ளே எதையோ திருகினார். அன்றிலிருந்து இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் செய்தி வாசித்தவர்கள் எல்லோரும் பச்சையாக இருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், மாப்பிள்ளை செட் பண்ணிக் கொடுத்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா மட்டும் சமையலறையிலிருந்தே செய்தியைக் கேட்கப் பழகிக்கொண்டாள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அவர் வந்தால் ஃபேன் அவர் பக்கம் திரும்பும். நல்ல நாற்காலி அவருக்கு. மீன் குழம்பில் தலை அவருக்கு. அவர் ஒன்றைச் சொல்லி அதற்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்வது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். வீட்டில் ஏதாவது ரிப்பேர் ஆனால் கடைக்கு எடுத்துப் போகக்கூடாது. மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாளிடம் கொடுத்தால் அவர் மனசு நோகும். அதனால் எது கெட்டாலும் துணியில் சுற்றி மூலையில் வைத்து, அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதற்காகக் காத்திருப்போம். அவர் வந்து, கொஞ்சம் கெட்டதை முழுக்கக் கெடுத்துவிட்டுப் போவார்.

ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் நாலைந்து ஸ்குரூ மிச்சமாகும். கம்பெனிக்காரன் ஜாஸ்தியாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது அக்கா அவற்றைப் பொறுக்கி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தாள். பாட்டில் நிரம்பியதும் இன்னொரு பாட்டில் எடுத்தாள். அக்கா அப்படித்தான், எதையும் சொல்ல மாட்டாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பாப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதப் படிப்பு படித்தவள் அவள். முதல் மார்க். அதே சென்டரில், அவளுக்கு ஒரு பேட்ச் முன்னால் சேர்ந்து, மூன்றாவது மாதம் நின்றுவிட்டவர் இவர். பெண் பார்க்க வந்தபோது 'பொண்ணுக்கும் கம்ப்யூட்டர் தெரியுமாமே' என்று அவர் அம்மா கேட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜை மேல் அக்கா தூசு தட்டினால்கூட அவருக்குப் பிடிக்காது. "கை வெக்காத, செட்டிங் மாறிடும்" என்பார். முதல் மார்க் வாங்கியவள் தள்ளி நின்று, அவர் ஒற்றை விரலால் கீபோர்டில் எழுத்தைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'எம்' எங்கே இருக்கிறது என்று அவள் பார்வையாலேயே காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

2008இல் நான் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த ஜைனப் பரங்கிப்பேட்டைப் பெண். சவுதியிலிருந்து அவள் அண்ணன் ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் டீ கொட்டிவிட்டது என்று கண் கலங்கி நின்றாள். என் வாய் சும்மா இருந்ததா? எங்கள் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜைனப்பிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.

அவர் லேப்டாப்பை வாங்கினார். கீபோர்டின் மேல் வாயால் ஊதினார். பிறகு சுவிட்சைப் போட்டார். உள்ளே ஏதோ 'சொய்ங்' என்றது. தீய்ந்த சர்க்கரை வாசனை வந்தது. ஜைனப் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. இது சவுதி மாடல், நம் ஊர் கரண்டுக்கு ஒத்துக்கொள்ளாது, உன் அண்ணனிடம் சொல்லி அடுத்த தடவை சிங்கப்பூர் மாடல் வாங்கி வரச் சொல் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். அங்கே ஜைனப் சொன்னாள்: "ஒங்க மாமாகிட்ட இனிமே ஒரு டார்ச் லைட்டக்கூடக் குடுக்க மாட்டேன், அல்லா மேல ஆணையா."

லேப்டாப்பை அவள் சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன், குற்றம் செய்தவள் போகாமல் இருக்க முடியுமா? சின்னக் கடை. மேஜை மேல் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, போட்டுப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவருக்குக் கோபம் வரவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்: "தண்ணி பட்டா ஒடனே ஒயரப் புடுங்கணும். பேட்டரியக் கழட்டணும். கவுத்து வெக்கணும். அப்பறம் மூணு நாளு கையக் கட்டிக்கிட்டு ஒக்காரணும். அந்தக் கடேசி வேலதாம்மா யாருக்கும் வர்றதில்ல."

அந்த நாலு வரியை நான் பரீட்சைக்குப் படித்ததுபோல் மனப்பாடம் செய்துகொண்டேன்.

2010இல் சிதம்பரத்தில் எம்.ஃபில். சேர்ந்தபோது அப்பா எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். என் ஆராய்ச்சி நண்டுக் குஞ்சுகள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் வலை போட்டு எடுத்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள். உயிரோடு இருக்கும்போது அவற்றின் உடம்பில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரியும். கெடாமல் இருப்பதற்காக ஃபார்மலினில் போட்டால் சில நாளில் அத்தனையும் வெளுத்துவிடும். அதனால் மைக்ராஸ்கோப்பில் வைத்து உயிரோடு படம் எடுக்க வேண்டும். பத்து மாதம் எடுத்தேன். கேமரா எங்கள் துறைக்குப் பொது; படத்தை லேப்டாப்பில் ஏற்றியதும் கார்டை அழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆக, அந்தப் பத்து மாதமும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. வேறு எதிலாவது நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதில் அவருக்குப் பங்கு கொடுக்க மாட்டேன்.

ஆய்வேட்டை ஜனவரி கடைசியில் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால், 2011 டிசம்பர் கடைசியில், 'தானே' புயல் வந்தது. கடலூரில் அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு, ஊரில் இருந்த மின்கம்பங்கள் ஒரு ராத்திரியில் படுத்துவிட்டன என்று சொன்னால் போதும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவை விழுந்த வேப்பமரம் ஒன்று இரண்டாகப் பிரித்திருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள்.

லேப்டாப் பேட்டரியில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. புயலுக்கு மறுநாள், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து முடிவுரையின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சொம்பு. எட்டி நோட்டை எடுக்கப்போன முழங்கை தட்டியது. கீபோர்டு முழுக்கத் தண்ணீர். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது.

நான் கத்தவில்லை. கை தானாக வேலை செய்தது. சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன். விரித்த புத்தகம்போல் கவிழ்த்துத் துண்டின் மேல் நிறுத்தினேன். சார்ஜரை எடுத்துப் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சார்ஜரை ஏன் ஒளித்தாய் என்று யாராவது கேட்டால், ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறது என்பதுதான் பதில். ஊரில் கரண்டே இல்லை என்பது எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் கடலூர்க்காரர்கள் என்னை அடிப்பார்கள். அவரே வந்தாலும் எதைப் போட்டு எதைப் பார்ப்பார்?

அவர் வந்தார். விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றி, சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, பின்னால் அக்காவோடு, இரண்டு தண்ணீர் கேனும் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும். உடம்பு நோக உழைப்பதில் அவர் எப்போதும் குறை வைத்ததில்லை. அந்தக் கைகளைத் தண்ணீர் கேனோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கு அவரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கட்டிலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அந்த நாட்களில் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அரை மணி நேரம் மோட்டார் ஓடி மேல்தொட்டி நிரம்பும். அந்த அரை மணி நேரத்துக்குள் வீட்டிலிருக்கும் செல்போன்களையெல்லாம் சார்ஜில் சொருகிக்கொள்ள வேண்டும். அப்பா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தார். ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

சார்ஜர் எங்கே என்று மாமா கேட்டார். காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "மூணு நாளு ஆவணும் மாமா. காய்றதுக்குள்ள போட்டா போயிடும். சிதம்பரத்துல ரிப்பேர் பண்றவரே சொல்லியிருக்காரு" என்றேன்.

அவர் சிரித்தார். "அவன் கட வெச்சிருக்கான், அவனுக்கு நாளு வேணும். நமக்கெதுக்கு? பேசிக்கா, கரண்ட் ஓடுனா அந்த சூட்டுலயே தண்ணி காஞ்சிடும். கொண்டா, போட்டுப் பாத்துடலாம்."

நான் நகரவில்லை. வெளியே ஜெனரேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. மாமா முகம் கொஞ்சம் சிவந்தது. அப்பா எழுந்து நின்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கெஞ்சினார். "குடும்மா. மாப்ள கேக்கறாரில்ல."

அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூடியை மறுபடியும் மறுபடியும் திருகினாள். நான் போய்ப் புடவைக்கு அடியிலிருந்து சார்ஜரை எடுத்துவந்து கொடுத்தேன்.

லேப்டாப் உயிர் பெற்றது. கம்பெனி எழுத்து திரையில் வந்தது. அவர் எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். அப்பா கைகூட தட்டியிருப்பார், அதற்குள் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. பிறகு இருட்டு. மெல்லிசாக ஒரு வாசனை. அவர் சுவிட்சை மறுபடி அழுத்தினார். பதினோரு தடவை அழுத்தினார், நான் எண்ணினேன். பிறகு, ஜெனரேட்டர் கரண்ட் சரியில்லை என்றார்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. படங்கள் இருந்தது ஹார்ட் டிஸ்க்கில். பஸ் ஓட ஆரம்பித்ததும் அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து டிஸ்க்கை உருவியிருந்தார். டிஸ்க் சேஃப், ஆபீசில் ஜெனரேட்டர் ஓடுகிறது, நாளைக்கே உள்ளே இருக்கிறதை எடுத்துத் தருகிறேன் என்றார். சட்டைப் பையில் ஸ்குரூக்களோடு அதையும் போட்டுக்கொண்டார். கொடுங்கள் மாமா என்று நான் கையை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், குழந்தை கையை இறக்குவதுபோல.

மூன்றாம் நாள் வந்தார். நடையிலேயே தெரிந்தது, ஏதோ சாதித்துவிட்டு வருகிறார். டிஸ்க்கை என் உள்ளங்கையில் வைத்தார். என் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"மொதல்ல ஓப்பனே ஆவல. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு அதுவே கேட்டுது. அதுவா கேக்கறப்ப வேணாம்னு சொல்ல முடியுமா? போட்டுட்டேன். இப்ப புதுசு கணக்கா இருக்கு. செக் பண்றதுக்கு நாலு சினிமாப் படம் ஏத்தி ஓட்டியே பாத்துட்டேன்."

ஃபார்மேட் என்றால் உள்ளே இருந்த அத்தனையையும் அழிப்பது என்று அப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை சரி செய்துவிட்டார் என்று நினைத்து அம்மாவிடம் காபி போடச் சொன்னார். அக்காவுக்குத் தெரியும். முதல் மார்க் வாங்கியவள் ஆயிற்றே. அவள் சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். அவர் காபியை ஆற்றிக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றார்.

சிதம்பரத்து ரிப்பேர்காரர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். எண்ணூறு படத்துக்கு மேல் இருந்த இடத்தில் முப்பத்தொன்று கிடைத்தது. அதிலும் பாதி, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக. கூடவே முழுசாக ஒரு சினிமாப் பாட்டு வந்தது. டிஸ்க்குக்குள் தண்ணீர் போகவே இல்லை, மிஷின் செத்தாலும் இது அப்படியே இருந்திருக்கும், யார் இதை அழித்து மேலே சினிமா ஏற்றியது என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன். அவர் என்னிடம் கூலி வாங்கவில்லை. துக்க வீட்டில் நடந்துகொள்வதுபோல் கடை வாசல் வரை கூட வந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. கோபம் சமமான ஆளின் மேல் வருவது. எனக்கு வந்தது அருவருப்பு. பத்து மாதம், வாரத்தில் இரண்டு நாள் விடிவதற்கு முன் பஸ் பிடித்து, முழங்கால் சேற்றில் நின்று எடுத்ததை, திரையில் ஒரு கேள்வி வந்தது என்பதற்காக ஒரு மனிதர் 'ஆமாம்' என்று அமுக்கியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்த வீட்டில் நானும் ஒருத்தி.

வழிகாட்டிப் பேராசிரியை நல்லவர். அவகாசம் வாங்கித் தருகிறேன், மறுபடியும் எடு என்றார். அப்பா தை மாதத்துக்குப் பேசி வைத்திருந்த வரன் ஒன்று இருந்தது; அவர்கள் காத்திருக்க முடியாது என்றார்கள். நம்ம மாப்பிள்ளையை வைத்து அவர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். நான் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். மறுபடியும் வெள்ளாறு, மறுபடியும் வலை. இந்தத் தடவை ஒவ்வொரு படத்தையும் மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்று ஜைனப் வீட்டுப் பீரோவில் இருந்தது. 2012 முடிவதற்குள் ஆய்வேடு தயாரானது.

எங்கள் பக்கம் ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் நன்றியுரை என்று ஒன்று உண்டு. அப்பா, அம்மா, தாத்தா, படகுக்காரர், டைப் அடித்தவர் எல்லோர் பெயரும் வரும். வீட்டுக்காரர்கள் ஆய்வேட்டில் படிக்கிற ஒரே பக்கம் அதுதான். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அப்பா போன் செய்தார். மாப்பிள்ளை பெயரை மறந்துவிடாதே, மேலேயே போடு, போடாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மாமா பெயரின் முதல் எழுத்தை அடித்தேன். பிறகு அதையும் அழித்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பைண்ட் செய்த ஆய்வேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் பிரிக்காமல், நேரே மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாமா அட்டையைத் தட்டிப் பார்த்தார். "அன்னிக்கி நான் ஃபார்மேட் போடப்போயிதான இவ்ளோ நல்லா புதுசா வந்திருக்கு" என்றார். அப்பா தலையாட்டினார். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவர் நன்றியுரைப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். விரலை வைத்து வரி வரியாக இறக்கினார். கடைசி வரி வரை போனார். மறுபடியும் மேலே ஏறினார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். படகுக்காரர் பெயர் இருந்தது. சிதம்பரத்து ரிப்பேர்காரர் பெயர் இருந்தது. ஜைனப் பெயர் இருந்தது. அக்கா பெயர் இருந்தது, தனியாக, ஒரு முழு வரியில்.

"ஒரு லைன் விட்டுப்போயிருக்கு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சமாளித்துக்கொண்டார். "பிரிண்டிங் மிஸ்டேக்கு. இது சகஜம். ஃபைல பென் டிரைவ்ல குடு, நான் ஆபீஸ்ல சரி பண்ணி எடுத்தாறேன்." சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றினார்.

அப்பா என்னைப் பார்த்தார். அதே கெஞ்சல். பழக்கம் எவ்வளவு கேவலமானது பாருங்கள், என் கை பையிலிருந்த என் பென் டிரைவை நோக்கிப் போகத் தொடங்கிவிட்டது.

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருக்கான காபி டம்ளர். அதைக் கொண்டுவந்து அவருக்கு எதிரில் வைத்தாள். அவர் மடியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து மூடினாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"லைன் ஒண்ணும் விட்டுப்போவல. ஒங்க பேரு வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். நாடா ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். அக்கா ஆய்வேட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அக்கா என்னிடம் அப்படி எதுவும் சொன்னதே இல்லை.